உருளைக்கு ஒரு நெற்றி

அமராவதி வாய்க்கால் ஓரத்தில், கரும்புக் காட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே, முன்பு ஒரு ஆலை இருந்தது. மனிதர்கள் மூக்குத் துடைக்கவும் வாய் துடைக்கவும் மெல்லிய டிஷ்யூ காகிதம் செய்கிற ஆலை. துடைத்து எறிகிற சமாசாரத்துக்கு இத்தனை பெரிய கட்டடமா என்று புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளே இருந்த எந்திரங்களின் தலைக்கனத்தைப் பார்த்த பிறகு, கட்டடம் போதாது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த எந்திரங்கள் பேசும். எல்லா ஆலையிலும் பேசுகிறதுதான், இந்த ஆலையில் கொஞ்சம் கூடுதல். ஆட்களுக்கும் அந்தப் பேச்சு கேட்கும். ஆனால் அதில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய எந்திரம் லேசாக முனகினால்கூட மேனேஜர் ஓடி வருவார். சின்னது தொண்டை கிழியக் கத்தினாலும் யார் காதிலும் விழாது. அது ஏன் அப்படி என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

வேலை நடக்கிற விதம் இது. மரக்கூழை, காய்ச்சல்காரனுக்கு வைக்கும் கஞ்சியைவிட நீர்க்கக் கரைத்து, ஓடுகிற சல்லடை மேல் பாய்ச்சுவார்கள். தண்ணீர் வடிந்து போகும், நார் மட்டும் ஈர ஆடையாக மேலே நிற்கும். அதைக் கம்பளி என்கிற நீளமான துணிப்பட்டை ஏந்திக்கொண்டு போய், நீராவி நிரம்பிய ஒரு இரும்பு உருளை மேல் ஒட்டும். உருளை பன்னிரண்டடி உயரம். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அத்தனை பளபளப்பு. தொட்டால் தோல் உரியும், அத்தனை சூடு. அதன் மேல் பட்ட ஈரக் காகிதம் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும்.

காய்ந்த காகிதம் தானாக உருளையை விட்டு வராது. அதற்காக மறுபக்கத்தில், உருளையின் அகலத்துக்கு, மெல்லிய எஃகுக் கத்தி ஒன்று முகத்தோடு முகம் வைத்துக் காத்திருக்கும். காகிதம் அதன் விளிம்பில் வந்து மோதும், கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் சுருக்கமாகச் சுருங்கும், உரிந்து விழும். டிஷ்யூவின் மெத்துமெத்தென்ற குணம் முழுவதும் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. சுருக்கம் விழாவிட்டால் அதைப் பட்டம் விடத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

உருளையிடம் கேட்டால் கதை வேறு.

"காகிதத்துக்கு மென்மை கொடுப்பது நான்" என்று அது தினமும் ஒரு தடவையாவது சொல்லும். "என் மேனி பட்டால்தான் அது மனிதன் மூக்குக்கு லாயக்காகிறது."

"அதில் என்ன சந்தேகம்" என்று பசை சொல்லும். காகிதம் நன்றாக ஒட்ட வேண்டும் என்பதற்காக உருளை மேல் தெளிக்கிற பசை அது. ஒட்டிக்கொள்வது அதற்குத் தொழில். தொழில் நேரம் முடிந்தும் அது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

"பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கம்பளி சொல்லும். கம்பளி எப்போதும் நனைந்தே கிடக்கிற ஜாதி. யார் எதைச் சொன்னாலும் உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தப் பேச்சையெல்லாம் அலமாரியில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தது பதினாலாம் நம்பர் கத்தி. கத்திகளுக்குப் பேர் கிடையாது. சாக்பீஸால் ஒரு நம்பர் எழுதி அலமாரியில் அடுக்கிவைப்பார்கள், முறை வந்தால் எடுத்துக் கட்டுவார்கள். பதினாலு இன்னும் வேலைக்குக் கட்டப்படாத புதுக் கத்தி. உடம்பு மெலிசு, வாய் நீளம்.

"அப்படியானால் கத்தியைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்களேன்" என்று அது அலமாரியிலிருந்தே சொன்னது. "காகிதம் உங்களையே சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிடக்கும். அப்புறம் அந்த மென்மை யாருக்கு ஆகும்?"

உருளை பதில் சொல்லவில்லை. சின்னதுகளுக்குப் பதில் சொன்னால் தன் மரியாதை என்ன ஆவது என்பது அதன் எண்ணம்.

கத்திகளின் வாழ்க்கையில் பெரிய ஆசை ஒன்றுதான். எட்டு மணி நேர ஷிப்டை ஒழுங்காக ஓட்டி முடித்த கத்தியைக் கழற்றி, சாணை பிடித்து, மறுபடி அலமாரியில் வைப்பார்கள். அதற்கு இன்னொரு முறை வேலை உண்டு, அதற்குப் பிறகும் உண்டு. காகிதத்தைக் கெடுத்தது என்று கெட்ட பேர் வாங்கிய கத்தி நேராகப் பழைய இரும்புத் தொட்டிக்குப் போகும். தொட்டிக்குப் போனது திரும்பி வந்ததாக அதுவரை சரித்திரம் இல்லை. பதினாலுக்குச் சாணைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் அது ஒன்றும் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது.

ஆலையை ஒரு நாள் நிறுத்தினார்கள். உருளை ஆறியது. வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் பரப்பி, ஒவ்வொரு எந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார் அங்கமுத்து. இருபது வருஷமாக அந்த மெஷினை ஓட்டுகிறவர். வழக்கம்போல உருளையின் பக்கவாட்டு மூடிக்கு வந்து விரலை நீட்டினார்.

உருளை புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது.

"எனக்கு வருஷா வருஷம் விலாவில் வைக்கிறீர்கள். விலாவில் யாராவது பொட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கூழ் கலக்குகிற தொட்டிக்கு முகத்தில். லாரிக்கு முகத்தில். ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டருக்குக்கூட முகத்தில். எனக்கு மட்டும் விலா."

பெரிய எந்திரம் அல்லவா, மேனேஜர் தெய்வசிகாமணிக்கு உடனே கேட்டுவிட்டது. வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"ஏப்பா அங்கமுத்து, பெரியவரு சங்கடப்படறாரு பாரு. மூஞ்சியிலயே வெச்சுப்போடு."

"மூஞ்சி எதுங்க சார்? சுத்தி ஒரே மாதிரியில்லீங்க இருக்குது."

"நீ வெக்கிற எடந்தான் மூஞ்சி. வெய்யி."

"அதுமேலதானுங்களே காயிதம் ஓடுது?"

"ஓடுனா ஓடட்டும். சாமி காரியம் காயிதத்தை என்ன பண்ணிப்போடும்?"

அங்கமுத்து உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்தார். அப்படியாக உருளைக்கு ஒரு நெற்றி உண்டாயிற்று. கற்பூரம் காட்டினார்கள். பசை கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அந்த இடத்தில் காகிதம் எப்படி ஒட்டும்?" என்று அலமாரியிலிருந்து பதினாலு கேட்டது.

"நல்ல நாளும் அதுவுமாக வாயைக் கழுவு" என்றது கம்பளி.

மறுநாள் மெஷின் ஓடத் தொடங்கியது. பசை வழக்கம்போல உருளை மேல் விழுந்தது, பொட்டின் மேலும் விழுந்தது. அதோடு சூடும் சேர்ந்துகொள்ள, சந்தனமும் குங்குமமும் பசையும் ஒன்றாக இறுகி, பல்லில் படிகிற காரை மாதிரி உருளை மேல் புடைத்துக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் புடைப்பு கத்தியிடம் வரும். அன்று வேலையில் இருந்தது ஏழாம் நம்பர். புடைப்பு வந்தால் பயந்துபோய் அது ஒரு துள்ளுத் துள்ளும். துள்ளிய இடத்தில் காகிதத்தில் ஒரு பொத்தல் விழும், பொத்தலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம்.

பொத்தல் விழுந்த முதல் காகிதத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள்" என்று பின்னால் வந்த காகிதத்திடம் சொன்னது.

"நடுவில் ஓட்டை இருக்கிறதே?"

"ஆசீர்வாதம் உள்ளே நுழைந்த வழி அது."

மூன்று நாள் இந்த ஆசீர்வாதம் நடந்தது. பொத்தலைப் பார்த்ததும் அங்கமுத்து வந்து கத்தியைக் கழற்றுவார், "கத்தி சரியில்லீங்க சார்" என்பார், தொட்டியில் போடுவார், அடுத்ததைக் கட்டுவார். ஏழு போயிற்று. எட்டு, ஒன்பது, பத்து போயின. பதினொன்று இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. பன்னிரண்டு அழுதுகொண்டே போயிற்று. ஒவ்வொன்றும் போகிறபோது கத்தியது, "பொட்டைப் பாருங்கள், பொட்டைப் பாருங்கள்" என்று. காதில் வாங்க ஆளில்லை.

கொஞ்சம் விசாரித்தவள் ஒருத்திதான், செண்பகவல்லி. காகிதத்தின் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. கையில் டேப்போடு தரையில் காகிதத்தை விரித்து, மண்டி போட்டு அளந்தாள். பிறகு மேனேஜரை மெஷினருகே கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கமுத்துவும் அங்கேதான் நின்றார்.

"சார், பொத்தல் எல்லாம் ஒரே தூரத்துல விழுகுதுங்க. முப்பத்தோரு அடிக்கு ஒண்ணு."

"டிரம்மு சுத்தளவு எவ்வளவு?" என்று உருளையைக் காட்டிக் கேட்டார் மேனேஜர்.

"முப்பத்தேழே முக்கால் அடிங்க."

"பாத்தியா" என்றார் தெய்வசிகாமணி. அவர் முகத்தில் நிம்மதி வந்துவிட்டது. "முப்பத்தொண்ணு எங்க, முப்பத்தேழே முக்கால் எங்க. டிரம்மு மேல குத்தமில்லே. கத்தியோட கோளாறேதான்."

"இல்லீங்க சார். கத்தியில உரியறப்ப காயிதம் சுருங்கிப்போகுதுங்கல்ல? அந்தச் சுருக்கத்தை நீவி விட்டு மறுபடியும் அளந்தனுங்க. முப்பத்தேழே முக்கால், இம்மி பிசகாம வருதுங்க. டிரம்மு மேல பொட்டு இருக்குது. ஒரு சுத்துக்கு ஒரு பொத்தல் போடுது. அவ்வளவுதானுங்க."

தெய்வசிகாமணி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மிணி, இது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? மொத நாளே தெரியும்."

"அப்பத் தொடச்சுப்போடலாமுங்களே."

"யாரு தொடைக்கிறது?"

இரண்டு பேரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். அவர் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பூசைப் பொட்டுங்க சார். புள்ளைக்கு இப்பத்தானுங்க நிச்சயம் பண்ணியிருக்குது. பொட்டழிக்கிற வேலை எனக்கு வேண்டாமுங்க. வேற எது சொல்லுங்க, செய்யறேன்."

"நான் வேணாத் தொடைக்கிறனுங்க" என்றாள் செண்பகவல்லி. "துணியை நனைச்சு ஒரு இழுப்பு இழுத்தா ஆச்சு."

"நல்லாச் சொன்னே போ. ஒரு பொம்பளை கையால பொட்டை அழிச்சாங்கன்னு வெளிய தெரிஞ்சா என்னத்துக்காகும்?"

"அப்ப நீங்களே..."

"நானா? நான் மேனேஜரம்மா."

அதோடு விசாரணை முடிந்தது. தெய்வசிகாமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பொத்தல் விழாத காகிதமாகப் பார்த்து எடுத்து, அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த கத்தியை மாட்டு" என்றார்.

கழற்றப்பட்ட பதிமூன்றாம் நம்பர் அலமாரியைக் கடந்து போகையில் பதினாலைப் பார்த்தது.

"நான் துள்ளினேன்" என்றது. "துள்ளாமல் இருந்திருந்தால் பொத்தல் விழுந்திருக்காது. ஆனால் அது வருகிற வேகத்தைப் பார்த்தால் துள்ளாமல் இருக்க முடியவில்லை. நீயாவது துள்ளாதே."

சொல்லி முடிப்பதற்குள் தொட்டியில் அது விழுகிற சத்தம் கேட்டது.

பதினாலு பயந்துதான் போயிற்று. இத்தனை நாள் அலமாரியில் படுத்துக்கொண்டு பேசியது வேறு. இப்போது அதன் மெல்லிய விளிம்பை உருளையின் சூட்டோடு சேர்த்துவைத்துத் திருகாணியை இறுக்குகிறார்கள். காலை ஆறு மணி ஷிப்ட். மெஷின் ஓடியது. நிமிஷத்துக்கு ஐம்பது சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சிவப்புப் புடைப்பு ஒரு தடவை வரும். முதல் தடவை வந்தபோது பதினாலும் துள்ளியது. பொத்தல் விழுந்தது. அதற்கே வெட்கமாகிவிட்டது.

உருளை அப்போதுதான் முதல் முறையாக ஒரு கத்தியிடம் நேரில் பேசியது.

"நல்ல பிள்ளை. இப்படியே நடந்துகொள். என் பொட்டு வருகிறபோது கொஞ்சம் ஒதுங்கிப் போ. ஷிப்ட் முடிந்ததும் உன்னைச் சாணைக்கு அனுப்பச் சொல்லி நானே மேனேஜரிடம் சொல்கிறேன். என் சொல்லை இங்கே யாரும் தட்ட மாட்டார்கள்."

"எனக்கு முன்னால் போன ஏழு பேரும் ஒதுங்கினவர்கள்தானே? அவர்களுக்கு ஏன் சொல்லவில்லை?"

"அவர்கள் என்னிடம் கேட்கவில்லை."

"நானும் கேட்கவில்லையே."

"அதனால்தான் உன் மேல் எனக்கு ஒரு பிரியம்" என்றது உருளை. பெரியவர்களுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு.

பதினாலு யோசித்தது. ஐந்தாறு சுற்று யோசித்தது, ஐந்தாறு பொத்தலும் விழுந்தன. சாணைக்கல்லின் சத்தம் அதற்கு ஆசையாக இருந்தது. ஒதுங்கிப் போனால் போதும், பிழைத்துவிடலாம். தான் ஒரு ஆள் ஒதுங்காமல் நின்று இந்த ஆலையில் எது மாறப்போகிறது? ஆனால் உருளையின் வாக்கை நம்பித் தன் விளிம்பை ஒதுக்கிக்கொண்டே இருக்கிற கத்தி, கத்தியா, தகரமா என்றும் தோன்றியது. அந்தக் கேள்வி அதை மிகவும் உறுத்தியது.

"ஐயா" என்றது கடைசியில். "முகத்தில் அழுக்கு இருந்தால் எடுப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. நான் எடுக்கப்போகிறேன்."

"அழுக்கா? அது பொட்டு."

"வைத்த அன்றைக்குப் பொட்டு. இன்றைக்குக் காரை."

அடுத்த சுற்றில் புடைப்பு வந்தது. பதினாலு துள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஒரு தூசி அளவு காரை பெயர்ந்தது. பொத்தல் விழுந்தது, ஆனால் சின்னப் பொத்தல். அதற்கடுத்த சுற்றில் இன்னொரு தூசி. பசை கெஞ்சியது, "வேண்டாமப்பா, பெரிய இடத்துப் பொல்லாப்பு" என்று. கெஞ்சிக்கொண்டே பெயர்ந்த இடத்தில் மறுபடி போய் ஒட்டப் பார்த்தது. பதினாலு அதையும் சேர்த்து எடுத்தது. கம்பளி ஈரத்தைச் சொட்டவிட்டுக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டியது. உருளை உறுமியது, ஆவி விட்டது, சூட்டை ஏற்றியது. எஃகு விளிம்பு நீலம் பாய்ந்தது. பதினாலு நின்றது.

அந்த ஷிப்டில் உருளை இருபத்து நாலாயிரம் தடவை சுற்றியது. காரை தீரும்வரை ஒவ்வொரு தடவையும் பதினாலு அந்த இடத்தில் அடி வாங்கியது. பத்து மணி வாக்கில் பொத்தல் விழுவது நின்றது. பன்னிரண்டு மணிக்குச் சிவப்பு வட்டம் வெளிறியது. ஒன்றரை மணிக்கு உருளையின் முகம் பழையபடி பளபளத்தது. காகிதம் ஒரு குறையில்லாமல் வெள்ளை வெளேரென்று, மெத்தென்று, இறங்கிச் சுருண்டது.

"எனக்குப் பொட்டே இல்லையே" என்று ஒரு காகிதம் குறைப்பட்டுக்கொண்டு போயிற்று.

"உனக்கு ஓட்டையும் இல்லை, போ" என்றது பதினாலு.

அதன் விளிம்பின் நடுவில் அரிசி முனையளவுக்கு ஒரு சிதைவு விழுந்திருந்தது. சாணை பிடித்தால் போய்விடுகிற சிதைவுதான். உடம்பெல்லாம் எரிந்தது, ஆனாலும் அதற்கு அத்தனை சந்தோஷம். செண்பகவல்லி வந்து காகிதத்தைக் கிழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நூறு அடி தேடினாள். பிறகு உருளையைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், அவள் முகமும் மலர்ந்தது. அங்கமுத்து பார்த்துவிட்டு, "அதுபாட்டுக்குப் போயிருச்சு. நம்ம கையில பாவமில்லே" என்று ஒரு கும்பிடு போட்டார்.

இரண்டு மணிக்குத் தெய்வசிகாமணி வந்தார். வழக்கமாக நடந்து வருகிறவர் அன்று கிட்டத்தட்ட ஓடி வந்தார். கையில் ஒரு தாள்.

"அம்மிணி, அங்கமுத்து, ரெண்டு பேரும் இங்க வாங்க. ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் வந்துது. மூணு நாளாப் பொத்தல் பொத்தலா அனுப்பறீங்களே, என்ன சமாசாரம்னு கேட்டாங்க. வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன். பொத்தல் இல்லீங்க, அது டிசைனுங்கன்னு."

"டிசைனுங்களா?" என்றாள் செண்பகவல்லி.

"மங்கலக் குங்கும டிஷ்யூ. பேரு எப்படி? ஒரு கல்யாணக் காண்ட்ராக்டரு பாத்தாரு, கண்ணுல ஒத்திக்கிட்டாரு. எட்டு டன்னு வேணுமாம்."

"சார், அது நடுவுல ஓட்டைங்க. பந்தியில கை தொடச்சாங்கன்னா கொழம்பு வெரல்லயே நிக்குமுங்க."

"கை தொடைக்கறதுக்கு யாரம்மா வாங்கறாங்க? மேசை மேல வெச்சுப் பாக்கறதுக்கு வாங்கறாங்க."

சொல்லிக்கொண்டே ரோலிலிருந்து காகிதத்தை இழுத்தார். இன்னும் இழுத்தார். முப்பத்தோரு அடி இழுத்தார், அறுபது அடி இழுத்தார். தரையெல்லாம் வெள்ளையாகக் குவிந்தது.

"பொட்டு எங்க?"

அங்கமுத்து குனிந்து தரையில் கிடந்த காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"பொட்டு எங்கன்னு கேட்டேன்."

உருளை இத்தனை நேரம் இதற்காகத்தான் காத்திருந்தது. "என் நெற்றியைச் சுரண்டிவிட்டது" என்று குழறியது. "ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. கூசாமல் சுரண்டிவிட்டது." தெய்வசிகாமணிக்கு அது தெளிவாகக் கேட்டது.

"எந்தக் கத்தி இது?"

"பதினாலுங்க சார்" என்றார் அங்கமுத்து.

"முன்னால ஏழு கத்தி போட்டோமே, அதுக ஒவ்வொண்ணும் எத்தனை ஒழுங்கா வேலை செஞ்சுது? முப்பத்தோரு அடிக்கு ஒண்ணு, வெச்சாப்புல. வந்து சேந்துது பாரு ஒண்ணு, எட்டு டன் ஆர்டரைக் கெடுக்கறதுக்குன்னு."

"நான் கெடுக்கவில்லை" என்றது பதினாலு. "பொத்தல் வேண்டாம் என்றுதானே ஏழு பேரைத் தூக்கி எறிந்தீர்கள்? காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். மூக்கில் வைத்துப் பாருங்கள்." கத்தியது. அலறியது. தெய்வசிகாமணி ஈ ஓட்டுகிற மாதிரி காதருகே கையை ஒரு வீசு வீசினார்.

"அங்கமுத்து, தொட்டியில கெடக்குற ஏழு கத்தியையும் பொறுக்கி எடுத்துச் சாணைக்கு அனுப்பு. இதைத் தூக்கித் தொட்டியில போடு. டிரம்மை ஆற விட்டு, பெரியவருக்கு மறுபடியும் பொட்டு வெய்யி. ஒண்ணு வேண்டாம், வரிசையா அஞ்சா வெய்யி. அகலத்துக்கு நல்லா எடுப்பா இருக்கும்."

பிறகு செண்பகவல்லி பக்கம் திரும்பினார். அவள் டேப்பை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் மடக்கறே? இனிமேத்தான் வேலையே. முப்பத்தோரு அடிக்குத் தப்பாம பொத்தல் விழுகுதான்னு நீதான் பாத்துச் சொல்லணும். கூடக் கொறைய இருந்தா அந்த ரோல் தள்ளுபடி. உன்னாட்டம் சரியா அளக்கறதுக்கு இங்க வேற ஆளில்லே."

செண்பகவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். மடக்கின டேப்பை மறுபடி வெளியே இழுத்தாள். "சரிங்க சார்" என்றாள்.

திருகாணியைத் தளர்த்திப் பதினாலாம் நம்பரைக் கழற்றினார் அங்கமுத்து. சூடு கை தாங்காமல் சாக்குத் துணியில் சுற்றி, ஆலையின் பின்பக்கம் எடுத்துக்கொண்டு போனார். தூரத்தில் சாணைக்கல் சுற்றத் தொடங்கியிருந்தது. சாக்குக்குள்ளிருந்த பதினாலுக்கு அது கேட்டது. யாருக்கும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி முனகியது.

"நான் என்ன தப்புச் செய்தேன்?"

"ஒரு தப்பும் இல்லே" என்றார் அங்கமுத்து.

கத்தி திடுக்கிட்டது.

"உங்களுக்குக் கேட்கிறதா?"

"கேக்காம என்ன? ஏழாம் நம்பரு கத்துனப்பவே கேட்டுது. மேனேஜருக்கும் கேக்குது. அம்மிணிக்கும் கேக்குது."

"அப்படியானால் ஏன் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை?"

அங்கமுத்து தொட்டியருகே போய் நின்றார். சாக்கைப் பிரித்தார்.

"கேக்குதுன்னு ஒத்துக்கிட்டா அப்பறம் ஏதாச்சும் செய்யோணுமல்ல" என்றார்.

விளிம்பு மேலும் கெட்டுவிடாமல் கத்தியை மெதுவாகத் தொட்டிக்குள் படுக்கவைத்தார். பிறகு குங்குமம் குழைக்கப் போனார்.